கட்டணம் குறைவு... விலை அதிகம்! சி.ஏ படிப்பு யாருக்கு லாபம்?

கல்யாண மண்டபம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கிறார், "பையன் என்ன பண்றான்?"

"ஆடிட்டருக்குப் படிக்கிறான்." சொல்லும்போது அப்பாவின் குரலில் இலையில் விழுந்த பாயசத்தைவிட இனிப்பு அதிகம்.

இரண்டு வருடம் கழித்து வேறொரு கல்யாணம். அதே கேள்வி, அதே பதில். "அடேயப்பா, கஷ்டமான படிப்பாச்சே!" என்று பாராட்டு வருகிறது. ஐந்தாவது வருடமும் அதே பதில்தான். ஆனால், இந்தமுறை அப்பா சாம்பார் கேட்பதுபோல் திரும்பிக்கொள்கிறார். ஏழாவது வருடம், பையன் கல்யாணங்களுக்கு வருவதையே நிறுத்திவிடுகிறான்.

தமிழ்நாட்டில் பல வீடுகளுக்கு இந்தக் கதை தெரியும். டாக்டருக்குப் படிப்பவர் எந்த வருடம் வெளியே வருவார் என்று ஓரளவு சொல்லிவிடலாம். இன்ஜினீயரிங் என்றால் நான்கு வருடம். அரியர் இருந்தாலும் கேம்பஸை விட்டு அனுப்பிவிடுவார்கள். சி.ஏ-வுக்கு மட்டும் அப்படியொரு தேதி கிடையாது. மூன்றரை வருடத்தில் முடித்தவர்களும் இருக்கிறார்கள், பத்து வருடம் கழித்து முடித்தவர்களும் இருக்கிறார்கள். முடிக்காமலே போனவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் காமர்ஸ் குரூப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஒரு கேள்வி வரும். "சி.ஏ சேர்க்கலாமா? வொர்த்தா?"

இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, கோச்சிங் சென்டர் நடத்துபவர்கள். இன்னொன்று, ஃபைனலில் இரண்டு முறை தோற்ற பக்கத்து வீட்டு அண்ணன். இருவர் சொல்வதிலும் பாதி உண்மைதான்.

ஒரு லட்சத்துக்குள் ஒரு தொழில்

முதலில் நல்ல செய்தி. இந்தியாவில் இவ்வளவு மதிப்புள்ள ஒரு தொழில் தகுதியை இவ்வளவு குறைந்த கட்டணத்தில் தருவது அநேகமாக இது ஒன்றுதான். 1949-ம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம்தான் (ஐ.சி.ஏ.ஐ) பாடத்திட்டம் வகுக்கிறது, தேர்வு நடத்துகிறது, உரிமமும் தருகிறது. ஃபவுண்டேஷன், இன்டர்மீடியட், ஃபைனல் ஆகிய மூன்று கட்டங்களுக்கும் பதிவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம், கட்டாயப் பயிற்சி வகுப்புகள் எல்லாம் சேர்த்தாலும், முதல் முயற்சியிலேயே தேறுபவருக்குச் சுமார் ஒரு லட்சம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். தனியார் மருத்துவக் கல்லூரியில் ஒரு செமஸ்டருக்குக்கூட அது பத்தாது. நன்கொடை, மேனேஜ்மென்ட் கோட்டா என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆட்டோ ஓட்டுநரின் மகளும் மில் முதலாளியின் மகனும் ஒரே ஹாலில் ஒரே வினாத்தாளுக்குத்தான் பதில் எழுத வேண்டும்.

கோச்சிங் செலவு தனிக்கதை. அதுவும் முன்புபோல இல்லை. ஈரோட்டிலோ திருநெல்வேலியிலோ இருக்கும் பிள்ளை சென்னைக்கு வந்து மேன்ஷனில் ரூம் எடுத்தால்தான் நல்ல வாத்தியார் கிடைப்பார் என்ற நிலை, ஆன்லைன் வகுப்புகள் வந்தபின் மாறிவிட்டது. ஐ.சி.ஏ.ஐ-யே இலவசமாக நேரலை வகுப்புகள் நடத்துகிறது.

ஆக, பணம் பெரிய தடை இல்லை. அதனால்தான் பல வீடுகளில் அதிகம் யோசிக்காமல் சேர்த்துவிடுகிறார்கள். "பாஸானா ஆடிட்டர், இல்லாட்டி பரவாயில்லை, பணமா போச்சு?" என்கிறார்கள். பணம் போகாதுதான். போவது வேறு.

39 மார்க் என்னும் முள்

2023-ல் அறிமுகமான புதிய பாடத்திட்டப்படி, ப்ளஸ் டூவுக்குப் பிறகு குறைந்தபட்சம் 42 மாதங்களில் சி.ஏ முடிக்கலாம். ஃபவுண்டேஷனுக்கு 4 மாதம், இன்டருக்கு 8 மாதம், ஆர்ட்டிகிள்ஷிப் எனப்படும் நடைமுறைப் பயிற்சி 2 வருடம், அதன்பின் ஃபைனலுக்குப் படிக்க 6 மாதம். கூட்டினால் மூன்றரை வருடம். பி.காம் முடிக்கும் நேரத்தைவிட ஆறு மாதம்தான் அதிகம். டிகிரி முடித்தவர்கள் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இன்டரில் சேரலாம். காமர்ஸ் பட்டதாரிகளுக்கு 55 சதவிகிதம், மற்றவர்களுக்கு 60 சதவிகித மதிப்பெண் வேண்டும்.

இது காகிதத்தில். தேர்வு ஹாலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

2024 ஜூன் ஃபவுண்டேஷன் தேர்வை எழுதியவர்கள் 91,900 பேர். தேறியவர்கள் 13,749 பேர், அதாவது 14.96 சதவிகிதம். அதே ஆண்டு மே மாத ஃபைனலில் இரண்டு குரூப்பையும் ஒன்றாக எழுதியவர்களில் 19.88 சதவிகிதம் பேர் இரண்டிலும் தேறினார்கள். அது கொஞ்சம் தாராளமான வருடம் என்று மாணவர்கள் பேசிக்கொண்டார்கள். அடுத்து வந்த நவம்பர் தேர்வில் அது 13.44 ஆக இறங்கியது.

இந்த எண்களைப் பார்த்து உடனே மிரள வேண்டாம். இவை ஒருமுறைத் தேர்வின் சதவிகிதங்கள். இந்த முறை விட்டவர் அடுத்தமுறை தேறலாம். படிக்காமலே 'எழுதித்தான் பார்ப்போமே' என்று போகிறவர்களும் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். ஆனால், ப்ளஸ் டூவில் 95 சதவிகிதம் எடுத்த பிள்ளைக்கு இதெல்லாம் தூசு என்று நினைக்கவும் வேண்டாம். அந்த 95-ஐ வாங்கித் தந்த மனப்பாடம் இங்கே முதல் தேர்விலேயே கைவிட்டுவிடும்.

மதிப்பெண் விதிதான் இதில் முள். ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40 வேண்டும். அதோடு, குரூப்பின் மொத்தத்தில் 50 சதவிகிதம் வேண்டும். மூன்று தாள்களிலும் 48, 49, 50 என்று எடுத்தால் ஃபெயில்! மொத்தம் 147தான், தேவை 150. இரண்டு தாள்களில் 70, 75 எடுத்து மூன்றாவதில் 39 வாங்கினாலும் ஃபெயில்தான். மொத்தம் 184 இருக்கிறதே என்றால், இருக்கட்டும் என்பதுதான் பதில். ஆறுதலாக ஒரு விதி உண்டு. ஒரு குரூப்பின் எல்லாத் தாள்களையும் எழுதி, ஒன்றில் 60 அல்லது அதற்கு மேல் எடுத்துத் தோற்றால், அடுத்த மூன்று முயற்சிகளுக்கு அந்தத் தாளை மறுபடி எழுத வேண்டாம். மாணவர்கள் இதை 'எக்ஸெம்ப்ஷன்' என்பார்கள். ரிசல்ட் நாளன்று சி.ஏ மாணவர் யாராவது "ஃபெயில்தான், ஆனா ரெண்டு எக்ஸெம்ப்ஷன்" என்று சொன்னால், அது அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. பக்கத்தில் இருக்கும் அம்மாவுக்கு எதுவும் புரியாது. அவர் கேட்பது ஒன்றுதான், "அப்ப பாஸா, இல்லையா?"

டிக் அடிக்கும் பென்சில்

இன்டரின் இரண்டு குரூப்பையும் முடித்தால் ஆர்ட்டிகிள்ஷிப். முன்பு மூன்று வருடமாக இருந்தது, புதிய திட்டத்தில் இரண்டாகக் குறைந்திருக்கிறது. சி.ஏ வேண்டுமா வேண்டாமா என்று நிஜமாகத் தீர்மானம் ஆவது இந்த இரண்டு வருடத்தில்தான்.

மயிலாப்பூரில், தி.நகரில், கோவை ஆர்.எஸ்.புரத்தில், திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே எல்லாம் ஆடிட்டர் அலுவலகங்கள் இருக்கின்றன. உள்ளே போனால், இருபது வயதுப் பிள்ளைகள் ஃபைல்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார்கள். வவுச்சரைப் பார், லெட்ஜரைப் பார், டிக் அடி. பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பார், கேஷ் புக்கைப் பார், ஏன் 4,312 ரூபாய் இடிக்கிறது என்று தேடு. மார்ச் 31 அன்று ஊரெல்லாம் வீட்டில் இருக்க, இவர்கள் ஏதாவது குடோனில் நூல் பேலோ இரும்புக் குழாயோ எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஏப்ரல் தொடங்கினால் பேங்க் பிராஞ்ச் ஆடிட். பெயர் தெரியாத ஊர், லாட்ஜ் ரூம், இரவு பத்து மணிவரை அடமான லோன் ஃபைல்கள். ஜூலையில் வருமான வரி ரிட்டர்ன். செப்டம்பரில் டேக்ஸ் ஆடிட். அந்த மாதக் கடைசி வாரத்தில் ஆடிட்டர் ஆபீஸ் டீக்கடைக்காரருக்குத்தான் நல்ல லாபம்.

இதற்குச் சம்பளம் கிடையாது, 'ஸ்டைபெண்ட்' உண்டு. பல ஆண்டுகள் சென்னை போன்ற பெரு நகரத்தில்கூடக் குறைந்தபட்சத் தொகை மாதம் 2,000, 3,000 என்ற அளவில்தான் இருந்தது. 2023-ம் ஆண்டுத் திட்டத்தில் அது இரண்டு மடங்கானது. பெரிய நிறுவனங்கள் குறைந்தபட்சத்தைவிட அதிகம் தருகின்றன. ஆனாலும், சென்னையில் ஹாஸ்டலில் தங்கி ஆர்ட்டிகிள்ஷிப் செய்யும் வெளியூர்ப் பிள்ளைக்கு வீட்டிலிருந்து பணம் வராமல் முடியாது. பதிவுக் கட்டணத்தைக் கணக்குப் போட்ட அப்பாக்கள் பலரும் விட்டுவிடும் செலவு இதுதான்.

எந்த அலுவலகத்தில் சேர்வது என்பதும் பெரிய கேள்வி. பெரிய நிறுவனத்தில் சேர்ந்தால் பெயர் கிடைக்கும், பெரிய கம்பெனிகளின் உள்ளே பார்க்கலாம். ஆனால் இரண்டு வருடமும் ஒரே வேலையின் ஒரு மூலையை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களும் உண்டு. சின்ன அலுவலகத்தில் ஜி.எஸ்.டி நோட்டீஸுக்குப் பதில் எழுதுவதிலிருந்து, கம்பெனி பதிவு, வரி அதிகாரி முன் ஆடிட்டரோடு போய் நிற்பது வரை எல்லாம் கிடைக்கும். தனியாக அலுவலகம் வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டாவதுதான் பள்ளிக்கூடம். பிள்ளை எங்கே சேர வேண்டும் என்பதை பஸ் ரூட்டைப் பார்த்துத் தீர்மானிக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பாவம், அந்தப் பிள்ளைகள்!

26 வயதா, 35 வயதா?

இப்போது நிஜமான கணக்கு. ஒரே தெருவில் இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் பி.காம் முடித்து 21 வயதில் மாதம் 20,000 ரூபாய் சம்பளத்தில் வேலைக்குப் போகிறார். வருடத்துக்கு 10 சதவிகிதம் சம்பளம் உயர்கிறது. இரண்டாமவர் சி.ஏ சேர்கிறார். முடித்ததும் மாதம் 60,000 ரூபாய் வேலை கிடைக்கிறது. அவருக்கும் அதே 10 சதவிகித உயர்வு. இவை வெறும் உதாரண எண்கள். உங்கள் ஊர் நிலவரத்துக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாமவர் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில முயற்சிகளைத் தவறவிட்டு, 24 வயதில் சி.ஏ ஆகிறார். அதற்குள் முதலாமவர் மூன்று வருடம் வேலை பார்த்துச் சுமார் 8 லட்சம் சம்பாதித்திருப்பார். ஆனால், இனி இரண்டு சம்பளத்துக்கும் இடைவெளி மாதம் 33,000 ரூபாய்க்கு மேல். இரண்டே வருடத்தில், 26 வயதில், சி.ஏ அவரை எட்டிப்பிடித்துவிடுவார். பிறகு முழுக்க லாபம்.

அதே பிள்ளை 28 வயதில் முடித்தால்? முதலாமவர் கையில் ஏழு வருடத்தில் கிட்டத்தட்ட 23 லட்சம் வந்திருக்கும். அவர் சம்பளமும் 39,000-ஐத் தொட்டிருக்கும். இப்போது இடைவெளி 21,000தான். எட்டிப்பிடிக்க ஏறக்குறைய ஏழு வருடம் ஆகும். அதாவது 35 வயது.

படிப்பு ஒன்றுதான், கட்டணமும் ஒன்றுதான். நடுவே போனது நான்கு வருடம். சி.ஏ-வின் விலையை மாணவர்கள் ரூபாயில் கொடுப்பதில்லை, வயதில் கொடுக்கிறார்கள்.

மூன்றாவதாக ஒருவரும் உண்டு. 28 வயதில் "போதும்" என்று நிறுத்துகிறவர். அவருக்கு இன்டர் முடித்த தகுதியும் ஆர்ட்டிகிள்ஷிப் அனுபவமும் இருக்கும். கணக்கு வேலையில் பல பட்டதாரிகளைவிட அவர் கெட்டிக்காரர். அக்கவுன்ட்ஸ் மேனேஜர்களாக நிறைய கம்பெனிகளைத் தாங்கிக்கொண்டிருப்பவர்கள் இவர்கள்தாம். ஆனால், சி.ஏ-வை மட்டும் நம்பி டிகிரி படிக்காமல் விட்டிருந்தால், ஒரு வங்கித் தேர்வுக்கோ குரூப்-1 தேர்வுக்கோ விண்ணப்பிக்கக்கூட வழியில்லை. இன்டர் பாஸ் என்பது பட்டம் ஆகாது. ஃபைனலையும் முடித்தவர்களின் கதை வேறு. 2021-ல் யு.ஜி.சி, சி.ஏ தகுதியை முதுகலைப் பட்டத்துக்கு இணையாக அறிவித்தது. ஒரு படி கீழே நிற்பவருக்குப் பட்டமே இல்லை, மேலே ஏறியவருக்கு முதுகலை. நடுவே எதுவும் இல்லாத படிக்கட்டு இது.

அதனால் சி.ஏ சேர்கிறவர்கள் பக்கத்திலேயே ஒரு பி.காம் படிப்பது கௌரவக் குறைச்சல் இல்லை, காப்பீடு. இக்னோ பல்கலைக்கழகம் சி.ஏ மாணவர்களுக்கென்றே ஐ.சி.ஏ.ஐ-யுடன் சேர்ந்து ஒரு பி.காம் வைத்திருக்கிறது. அஞ்சல் வழியில் படிக்கலாம். "ரெண்டும் படிச்சா ரெண்டும் போயிடும்" என்று சொல்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் பிள்ளைகள் ஏற்கெனவே டிகிரி முடித்திருப்பார்கள்!

அந்தக் கையெழுத்து

சரி, சி.ஏ உரிமம் ஒருவருக்கு அப்படி என்னதான் தருகிறது? வரிச் சட்டம், கணக்கியல், நிதி எல்லாவற்றையும் வேறு இடங்களிலும் படிக்கலாம். சட்டம் இவருக்கென்று ஒதுக்கி வைத்திருப்பது ஒரு கையெழுத்தை. இந்தியாவில் எந்த கம்பெனியாக இருந்தாலும், அதன் வருடாந்தரக் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்திடும் உரிமை தொழில் செய்யும் சி.ஏ-வுக்கு மட்டும்தான். வருமான வரிச் சட்டத்தின்படி டேக்ஸ் ஆடிட்டுக்கும் அவர் கையெழுத்துதான்.

அந்தக் கையெழுத்தை நம்பித்தான் வங்கி கடன் தருகிறது, மக்கள் பங்கு வாங்குகிறார்கள். 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர், கணக்கில் இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டியதை ஒப்புக்கொண்டபோது, அந்தக் கணக்குகளில் கையெழுத்திட்ட ஆடிட்டர்களும் சிறைக்குப் போனார்கள். 2018-ல் பெரிய நிறுவனங்களின் ஆடிட்டர்களைக் கண்காணிக்க தேசிய நிதி அறிக்கை ஆணையம் என்ற தனி அமைப்பை அரசு உருவாக்கியது. இன்று ஒரு சி.ஏ தரும் ஒவ்வொரு சான்றிதழிலும் 18 இலக்க அடையாள எண் இருக்க வேண்டும். போலிக் கையெழுத்தைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. சம்பளத்தைச் சொல்லி ஆசைகாட்டுகிறவர்கள், ராத்திரி தூக்கம் கெடும் இந்தப் பக்கத்தைச் சொல்வதில்லை.

இன்னொன்றையும் சொல்வதில்லை. அரசு கொடுத்த கையெழுத்தை அரசே குறைக்கவும் செய்கிறது. ஒரு கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் இருந்தால் டேக்ஸ் ஆடிட் என்பது விதி. ரொக்கப் பரிவர்த்தனை 5 சதவிகிதத்துக்குள் இருக்கும் வியாபாரிகளுக்கு அந்த வரம்பு 2020-ல் 5 கோடியாகவும், 2021-ல் 10 கோடியாகவும் உயர்ந்தது. ஜி.எஸ்.டி-யில் ஆடிட்டர் சான்றளிக்க வேண்டிய ஒத்திசைவு அறிக்கையை 2021-ல் எடுத்துவிட்டு, வியாபாரியே சான்றளித்தால் போதும் என்றார்கள். சின்ன ஊரில் நூறு கடைக்காரர்களை நம்பி அலுவலகம் வைத்திருந்த ஆடிட்டர்களுக்கு இது நேரடி அடி. போதாக்குறைக்கு, வங்கி வட்டியிலிருந்து பங்கு விற்பனை வரை வருமான வரித் துறையின் இணையதளமே முன்கூட்டி நிரப்பித் தருகிறது. டிக் அடிக்கும் பென்சிலுக்கு வேலை குறைந்துகொண்டே வருகிறது.

அதற்காக ஆடிட்டர்கள் தேவையில்லாமல் போய்விடவில்லை. ஆலோசனை, வரி வழக்கு, கடன் திட்ட அறிக்கை, நிறுவனங்களை மதிப்பிடுதல், திவால் நடைமுறைகள் என்று வேலை வேறு பக்கம் வளர்கிறது. ஆனால், "போர்டு மாட்டினா போதும், கிளையன்ட் வருவாங்க" என்ற காலம் முடிந்தது. அப்பாவோ மாமாவோ ஏற்கெனவே ஆடிட்டராக இருக்கும் பிள்ளைக்கும், குடும்பத்தில் முதல் ஆடிட்டருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் பெரிதாகத் தெரியும். முதலாமவருக்கு கிளையன்ட் பட்டியல் சீதனம் மாதிரி வந்துவிடும். இரண்டாமவர் ஒவ்வொருவராகச் சேர்க்க வேண்டும். விளம்பரம் செய்யவும் இந்தத் தொழிலில் நெடுங்காலமாகக் கட்டுப்பாடு உண்டு.

அதனால்தான் குடும்பத்தில் முதல்முறையாக சி.ஏ ஆகிறவர்கள் பலர் வேலைக்குப் போகிறார்கள். ஐ.சி.ஏ.ஐ நடத்தும் வளாகத் தேர்வில் சராசரி ஆண்டுச் சம்பளம் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் என்று அண்மை ஆண்டுகளில் செய்திகள் வருகின்றன. உண்மைதான். ஆனால், அது அங்கே வேலை கிடைத்தவர்களின் சராசரி. பல முயற்சிகளுக்குப் பிறகு தேறியவரையும் முதல் முயற்சியில் தேறியவரையும் கம்பெனிகள் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. நேர்காணலில் "எத்தனை அட்டெம்ப்ட்?" என்ற கேள்வி வராமல் இருக்காது.

கையெழுத்துப் போட ஆசை இல்லை, நிதித் துறையில் நல்ல வேலை போதும் என்றால், சி.ஏ மட்டும்தான் கதவு என்பதில்லை. தொழிற்சாலைச் செலவுக் கணக்கில் ஆர்வமுள்ளவர்களுக்கு சி.எம்.ஏ, கம்பெனிச் சட்டத்தில் ஆர்வமுள்ளவர்களுக்கு சி.எஸ் இருக்கின்றன. இரண்டும் நாடாளுமன்றச் சட்டப்படி அமைந்தவைதான். பிரிட்டனின் ஏ.சி.சி.ஏ, அமெரிக்காவின் சி.பி.ஏ படித்தவர்களைச் சென்னை, பெங்களூரில் உள்ள பன்னாட்டு நிறுவனங்களின் மையங்கள் தேடி எடுக்கின்றன. கட்டணம் பல மடங்கு அதிகம், இந்தியக் கம்பெனியின் ஆடிட்டில் கையெழுத்திட முடியாது. ஊரிலேயே இருந்து தொழில் செய்ய நினைக்கும் பி.காம் பட்டதாரி, ஜி.எஸ்.டி பிராக்டிஷனராகப் பதிவு செய்து, டாலியும் ரிட்டர்னும் பார்த்து மரியாதையாகப் பிழைக்கலாம். நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகள் காலங்காலமாகச் செய்த வேலைதான் அது.

ஒரு சென்னைப் பெண்ணின் கதை

இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர் சென்னைக்காரர் என்பது பலருக்குத் தெரியாது. ஆர்.சிவபோகம். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1933-ல் அன்றைய கணக்கியல் டிப்ளமா தேர்வில் தேறினார். சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்ய முடியாது என்று பிரிட்டிஷ் அரசு தடை வைத்திருந்தது. அதை எதிர்த்து மனுப்போட்டு வென்ற பிறகுதான் தொழிலுக்கு வந்தார். பின்னாளில், 1955 முதல் 1958 வரை ஐ.சி.ஏ.ஐ-யின் தென்னிந்தியக் கவுன்சிலுக்குத் தலைவராகவும் இருந்தார்.

இன்று தேர்வு முடிவுகளில் பெண்கள் முதலிடம் பிடிப்பது செய்தியே அல்ல. ஆனால், காலக்கெடு இல்லாத படிப்பு என்ற சிக்கல் பெண்களைக் கூடுதலாகவே அழுத்துகிறது. பையன் மூன்றாவது முறை ஃபைனல் எழுதினால் "இன்னொரு தடவை பார்க்கட்டும்" என்கிற வீடு, பெண் இரண்டாவது முறை எழுதும்போதே ஜாதகத்தை எடுத்துவிடுகிறது. "கல்யாணத்துக்கப்புறம் எழுதிக்கலாம்" என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்வார்கள். சொல்வது சுலபம். ஃபைனல் புத்தகங்களை விரித்து வைக்க ஒரு மேஜையும் கதவு சாத்திய ஓர் அறையும் அங்கே கிடைக்குமா என்று யாரும் கேட்பதில்லை. பெண்ணை சி.ஏ சேர்க்கும் பெற்றோர், எத்தனை முயற்சிவரை ஜாதகக் கட்டு பீரோவில் இருக்கும் என்பதை முதல் நாளே அவளிடம் சொல்லிவிடுவது நல்லது.

பையன் வீட்டுக்கும் அது பொருந்தும். சேரும்போதே ஒரு தேதி வேண்டும். ஃபவுண்டேஷனுக்கு இரண்டு அல்லது மூன்று முயற்சி. அதில் வராவிட்டால் பி.காம் முடித்துவிட்டு, ஆசை மிச்சமிருந்தால் நேராக இன்டருக்கு வரலாம். ஒன்றும் மூழ்கிப்போவதில்லை. இன்டரில் இரண்டு வருடத்துக்கு மேல் சிக்கினால் வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுவது. ஃபைனலில் முழு நேரமும் வீட்டிலிருந்து படிப்பது இத்தனை முறை மட்டும் என்று ஓர் எண். அந்த எண் நான்கா, ஐந்தா என்பது அந்தந்த வீட்டின் வருமானத்தைப் பொறுத்தது. அடுத்து ஒரு தங்கை கல்லூரிக்குக் காத்திருக்கிறாள் என்றால், அவளையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அண்ணனின் ஆறாவது முயற்சிக்கு அவள் ஹாஸ்டல் ஃபீஸ் போய்விடக் கூடாது.

இப்போது ஃபவுண்டேஷன், இன்டர், ஃபைனல் மூன்றும் வருடத்துக்கு மூன்று முறை நடக்கின்றன. முன்பு இரண்டு முறைதான். ஒரு முயற்சி போனால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை என்பது நல்ல மாற்றம். கூடவே ஓர் ஆபத்தும் இருக்கிறது. நான்கு மாதத்தில் அடுத்த தேர்வு என்பதால், தோல்வியிலிருந்து எழுந்து வெளியே எட்டிப் பார்ப்பதற்குள் அடுத்த ஹால் டிக்கெட் வந்துவிடும். இப்படியே 'இன்னொரு தடவை, இன்னொரு தடவை' என்று மூன்று வருடம் ஓடிவிடலாம்.

ஃபவுண்டேஷன் தேர்வுக்கு நான்கு மாதங்களுக்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். ப்ளஸ் டூ முடித்த பிள்ளைக்கு நடுவே கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. உங்கள் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ நிச்சயம் ஓர் ஆடிட்டர் இருப்பார். ஜூலை மாதம், ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நேரத்தில், பத்து நாள் சும்மா வந்து உட்காரட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார். அந்த மாதத்தில் அவருக்கு ஃபைல் எடுத்துக் கொடுக்கவே ஆள் பத்தாது. பிள்ளை இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு ஒரு ஜவுளிக்கடைக் கணக்குல 600 ரூபா இடிச்சுது, கண்டுபிடிச்சுட்டோம்" என்று சாப்பாட்டைக்கூட மறந்து சொல்ல ஆரம்பித்தால், பதிவுக் கட்டணத்தைக் கட்டிவிடலாம்.